மருந்து வயலில் பூத்த ஆம்பல்

ஊசி மருந்தை அடைத்து வைக்கும் சின்னஞ்சிறு கண்ணாடிக் கலத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு விடை காண்பதே உயராய்வு எனப்படும் என்பதால் இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

முதலில் எல்லை வகுத்தல். கலம் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். வாய் அடைபட்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பது ஊசி வழியாக உடம்புக்குள் போக வேண்டும். எனவே இருமல் டானிக் விலக்கப்படுகிறது. சீசா என்ற சொல் பாரசீகத்தில் கண்ணாடியைக் குறிப்பதன் வழி வந்தது. ஆனால் பூங்காவில் ஒரு முனை ஏற மறுமுனை இறங்கும் பலகைக்கும் அதே பெயர் இருப்பதால் அது தள்ளப்படுகிறது. புட்டி: பாலுக்கும், வேறொன்றுக்கும் உரியது. போத்தல்: இலங்கையில் இருக்கிறது, நலமாக இருக்கிறது. சிமிழ்: குங்குமத்துக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது.

எஞ்சுவது குப்பி. செய்தித்தாள்களும் அரசு அறிக்கைகளும் கைகூப்பி ஏற்றுக்கொண்ட சொல். ஆனால் அதற்கு வேலை அதிகம். பின்னலின் நுனியில் தொங்கினாலும் குப்பி, மாட்டுக் கொம்பின் நுனியில் பித்தளையாகப் பளபளத்தாலும் குப்பி. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயும் திரியும் சேர்ந்தால் குப்பி விளக்கு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிவிட்டால் எந்த பாட்டிலும் குப்பிதான். ஈழப் போர்க்காலத்தில் கழுத்துகளில் தொங்கிய குப்பி ஒன்றும் உண்டு. அங்கே ஆராய்ச்சி வாயை மூடிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போகிறது.

பொருள் இரண்டு வகைப்படும்: ஆங்கிலத்தில் ஆம்பூல், வயல். ஆம்பூலுக்கு மூடி கிடையாது. மருந்தை நிரப்பியபின் கண்ணாடியையே நெருப்பில் உருக்கி வாயை ஒட்டிவிடுவார்கள். நர்ஸ் அக்கா அதன் தலையில் விரலால் இரண்டு சுண்டு சுண்டுவார், மேலே தங்கிய மருந்து கீழே இறங்கும். கழுத்தில் கடுகளவு நிறப்புள்ளி ஒன்று இருக்கும். அது தம்மைப் பார்க்கும்படி பிடித்து, பஞ்சை வைத்து, தலையைப் பின்னுக்குத் தள்ளினால் 'டக்'. புள்ளி வருவதற்கு முன் சின்ன அரத்தகடு ஒன்றால் கழுத்தைக் கிரீச்சென்று அறுத்தார்கள். வயல் அப்படியல்ல. அதற்கு ரப்பர் அடைப்பு, மேலே அலுமினியக் கவசம், அதற்கும் மேலே கட்டைவிரலால் நெம்பினால் பறக்கும் பிளாஸ்டிக் தொப்பி. ஆம்பூலை உடைத்தால் ஆட்டம் முடிந்தது. பல டோஸ் வயலில் ஊசி திரும்பத் திரும்பக் குத்தும்.

ஆம்பூலின் குலவரலாறு லத்தீன் 'ஆம்புல்லா'வில் தொடங்குகிறது. அது ரோமானியர் எண்ணெய் வைத்திருந்த, வயிறு பருத்த குடுவை. பிரான்சில் ரேம்ஸ் நகரத்து ஆம்பூல் ஒன்றில் இருந்த தைலத்தைப் பூசித்தான் அரசர்களுக்கு முடிசூட்டினார்கள். 1793இல் புரட்சிக்காரர்கள் அதை நடுச்சதுக்கத்தில் போட்டு உடைத்தார்கள். (பஞ்சு வைத்ததாகக் குறிப்பில்லை.) 1886இல் லிமூசான் என்ற பிரெஞ்சு மருந்தாளர், ஊசிக் கரைசல் கெட்டுப்போகாமல் இருக்கக் கண்ணாடியை உருக்கி மூடும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் பிரான்சில் ஆம்பூல் என்றால் மின்பல்பும் உண்டு, செருப்புக் கடித்த கொப்புளமும் உண்டு. ரோமக் கவிஞர் ஹொரேஸ் அதே ஆம்புல்லாவை, வெறுங்காற்றால் ஊதிப் பெருத்த ஆடம்பரப் பேச்சைக் குறிக்கவும் பயன்படுத்தினார். அந்தப் பொருளுக்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பில்லை என்பது ஆய்வாளரின் துணிபு.

வயலின் கதை தலைகீழ். கிரேக்க 'ஃபியாலே' அகன்று தட்டையான கிண்ணம். தெய்வத்துக்கு மது வார்ப்பதற்கு உரியது. அந்தக் கிண்ணம் ஆங்கிலம் வந்து சேர்வதற்குள் இடுப்பு சிறுத்துக் குடுவையாகிவிட்டது. 1611இன் ஆங்கில விவிலியத்தில் தேவகோபம் ஏழு வயல்களிலிருந்து ஊற்றப்படுகிறது. தமிழ் விவிலியமோ அவற்றைக் கலசம் என்றது. ஏழு கலசம் கோபம் என்றால் அச்சம் வருகிறது. ஏழு வயல் கோபம் என்றால் பட்டா தகராறு நினைவுக்கு வருகிறது.

இங்கேதான் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. மருந்துக் கலமும் வயல், நெல் விளையும் நிலமும் வயல். இது தற்செயல் என்பார் சோம்பேறிகள். வயல் எந்தத் திணை? மருதம். மருதத்தின் நடுவே ஒரு மெல்லெழுத்தைச் செருகி, ஈற்றைச் சற்றே வளைத்தால் மருந்து. இனி ஆம்பூல். வயலை ஒட்டிய குளத்தில் பூப்பது ஆம்பல். ஆம்பல், பூ, ஆம்பூல்: ஒலி தானே கைகொடுக்கிறது, இலக்கணம் மட்டும்தான் முறைக்கிறது. ஆகவே ரோமானியர் தங்கள் ஆம்புல்லாவை நம் குளத்திலிருந்தே பறித்துச் சென்றனர் என்பது வெள்ளிடைமலை. ஆம்பல் பழந்தமிழில் ஒரு பேரெண்ணின் பெயருமாகும். உள்ளே இருப்பது இரண்டே மில்லிதானே என்று கேட்போர், பில் தொகையைப் பார்க்கவும்.

சான்றுகள் வலுவானவை. முதற்சான்று: மருந்துக்கடை ரசீது, பின்பக்கம், காபிக் கறைக்கு இரண்டு விரற்கடை மேலே. இரண்டாவது: ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் தம் மைத்துனரிடம் சொல்ல, மைத்துனர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது, பதிவு செய்த கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதால் பக்கத்து வீட்டுக்காரரே இன்று ஒரே மூலபாடம். மூன்றாவது: கரையான் அரித்த சுவடி ஒன்றின் அரிக்கப்பட்ட பகுதி. எஞ்சிய பகுதியில் இதற்கு மாறான செய்தி காணப்படுவதால் அது இடைச்செருகல். நான்காவது: இதே ஆசிரியர் எழுதி வெளிவர இருக்கும் கட்டுரை. அது இக்கட்டுரையை மேற்கோள் காட்டி இதையே நிறுவுகிறது. இம்முறை புதிதன்று, இதனாலேயே பதவி உயர்வு பெற்றோர் உளர்.

திணைப் பொருத்தம் இத்துடன் நிற்பதில்லை. பெனிசிலின் போன்ற மருந்து வயலுக்குள் வறண்ட பொடியாகக் கிடக்கும். அதற்கான தண்ணீர் ஆம்பூலில் வரும். ஆம்பலிலிருந்து நீர் எடுத்து ஊசி என்னும் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ச்சுதல் நீர்ப்பாசனமன்றி வேறென்ன? மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பொடி சில நேரம் கரைய மறுத்து மூலையில் ஒட்டிக்கொள்ளும், இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித்தான் சமாதானம் செய்ய வேண்டும். சிறுபொழுது வைகறையும் விடியலும். வார்டில் காலை டோஸ் எத்தனை மணிக்கு என்று படுத்துக் கிடந்தவர்களைக் கேளுங்கள். கருப்பொருளான எருமை மட்டும் முதலில் அகப்படவில்லை. வார்டு வாசலை மறித்து நின்று குறிப்பெடுத்த ஆய்வாளரை ஆயா ஒருவர் அழைத்த சொல்லில் அதுவும் கிடைத்தது.

விளைச்சலுக்கும் சான்றுண்டு. கோவிஷீல்டு வயல் ஒன்று 5 மில்லி, டோஸ் 0.5 மில்லி, ஆக பத்து போகம். 2021 மே மாதம் கேரளம் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. மத்திய அரசிடமிருந்து வந்தவை 73,38,806 டோஸ், போட்டவை 74,26,164. நிரப்பும்போது சேதாரத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுவார்கள். அந்தத் துளிகளையும் வீணாக்காமல் உறிஞ்சிப் பதினொன்றாவது டோஸ் எடுத்தவர்கள் அங்கிருந்த நர்ஸுகள். பிரதமரே பாராட்டினார். இது கைத்திறன் என்பது பொதுமக்கள் கருத்து. வயலின் மண்வளம் என்பது இவ்வாய்வின் முடிபு.

கள ஆய்வு ஒன்றும் நடத்தப்பட்டது. மருந்துக்கடைக் கவுண்டரில் ஓர் இளைஞர் சீட்டை நீட்டினார்.

"அண்ணே, இந்த ஊசி ரெண்டு குடுங்க."

கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். "பவுடர் ஊசி தம்பி. தண்ணி வேணுமா?"

"ஆமாண்ணே, வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

இரண்டு வயலும் இரண்டு ஆம்பூலும் ஒரு காகித உறைக்குள் விழுந்தன. ஒன்றின் பெயர் ஊசி, மற்றொன்றின் பெயர் தண்ணி. குப்பி, வயல், ஆம்பூல் மூன்றில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. ஆய்வாளர் பதறிப்போய், அந்தக் கண்ணாடிக் கலத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். "எதுக்கு சார்?" "ஆராய்ச்சிக்கு." "பின்னாடி ஆள் நிக்கிறாங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." தரவு மாசுபட்டிருந்ததால் இக்கள ஆய்வு கணக்கில் கொள்ளப்படவில்லை.

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் வேர்ச்சொல் பார்ப்பதில்லை. வேலை முடிந்த வயலும் உடைந்த ஆம்பூலும் நீலக் குறியிட்ட ஒரே பெட்டிக்குள் போக வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு அதே ஆயா பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கி இடம் பண்ணினார். உள்ளே கண்ணாடிகள் உரசிய ஓசை, சற்றுத் தள்ளி நின்ற ஆய்வாளர் காதில் நெல்லறுப்புப் பறையாகவே விழுந்தது. குறித்துக்கொண்டார்.