வடிகட்டி அகழாய்வும் திருகாணிச் சிக்கலும்: ஓர் அறிமுக ஆய்வு

வாஷிங் மெஷினை வீட்டிலேயே பழுதுபார்க்கும் மரபு குறித்துத் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. வெளிவந்திருக்கலாம், தேடவில்லை. தேடினால் இந்த முதல் வாக்கியத்தை எழுத முடியாமல் போகும் என்பதால் ஆய்வாளர்கள் தேடாமல் இருப்பதே வழக்கம். இக்கட்டுரையும் அவ்வழக்கத்துக்கு உட்பட்டது.

ஆய்வு எல்லை: முன்பக்கம் கதவு திறக்கும் மெஷின் ஒன்று, சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சர்வீஸ் பால்கனி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஆய்வுச் சிக்கல்: துணி துவைந்துவிட்டது, தண்ணீர் வெளியேறவில்லை. ஆய்வுக் கருவிகள்: ஸ்க்ரூ டிரைவர், டார்ச், பழைய லுங்கி, இட்லி மாவு கரைக்கும் அகலப் பாத்திரம். கடைசிக் கருவிக்கு வீட்டாரிடம் முன் ஒப்புதல் பெறப்படவில்லை.

இச்சிக்கலைத் திணைக்குள் அடக்கிக் கருத்தரங்கில் வாசிக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். தண்ணீர் தேங்கி நிற்பதால் நெய்தலா, குழாயில் தண்ணீர் வராத தெரு என்பதால் பாலையா என்று ஒரு முழு அமர்வு பேச இடமுண்டுதான். பயணப்படியைத் துறந்து, மெஷினைத் திறப்பது என்று முடிவு செய்யப்பட்டது.

வரலாறு. பயன் இருக்கிறதோ இல்லையோ, வரலாறு சொல்லியாக வேண்டும். 1760களில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் ஷேஃபர் என்பவர் துவைக்கும் எந்திரம் ஒன்றை வடிவமைத்து, அதைப் பற்றி நூலும் எழுதினார். மின்சார மெஷினைக் கண்டுபிடித்தவர் 1910இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான ஆல்வா ஃபிஷர் என்று பல நூல்கள் கூறும். அதற்கு முன்பே வேறு சிலர் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். ஆனாலும் ஒரு நூலைப் பார்த்து இன்னொரு நூல் எழுதப்பட்டதால் ஃபிஷர் நிலைபெற்றார். நம் பல்கலைக்கழகங்களில் இப்படி நடப்பதில்லை என்று ஓர் அடிக்குறிப்பு போட நினைத்தோம். நெறியாளர் சிரித்ததால் கைவிட்டோம்.

மூலநூலும் உரைகளும். மூலநூல் எனப்படுவது மெஷினோடு வந்த கையேடு. அது பீரோவில் கேஸ் புத்தகத்துக்கு அடியில் இருப்பதாகச் செவிவழிச் செய்தி உண்டு, கண்டவர் இல்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் என்று உரைகாரர்கள் வரிசையாக இருக்க, இந்நூலுக்கு ஒருவர்கூட உரை எழுதாதது தமிழுக்கு நேர்ந்த குறை. ஆயினும் வாய்மொழி உரைகள் வழங்குகின்றன. மூலத்தைப் பார்க்காதவர்களின் உரையே நீளமானது என்னும் விதி இங்கும் தவறவில்லை.

“மோட்டார் போயிடுச்சு சார்” என்பது ஒரு கொள்கை (மேல்வீட்டு உரை). “போர்டுதான். புதுசு வாங்கிடுங்க, இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்” என்பது அதை மறுக்கும் கொள்கை (எதிர்வீட்டு உரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதல் பதிப்பை அவருடைய மனைவி அங்கேயே மறுத்துவிட்டார்). “ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க சார், எங்க ஊர்ல...” என்பது மூன்றாவது (வாட்ச்மேன் வாய்மொழி, லிஃப்ட் ஏடு, நான்காம் தளம் முதல் தரைத்தளம் வரை, கதவு திறந்துவிட்டதால் எஞ்சிய பகுதி சிதைந்தது). இம்மூவரில் தம் வீட்டு மெஷினைத் திறந்து பார்த்தவர் எவருமில்லை. மூன்றாமவர் வீட்டில் மெஷினே இல்லை. எனவே அவர் கருத்து ஒன்றுதான் சார்பற்றது.

கல்வெட்டியல். மெஷினின் திரையில் ஒரு குறி எரிந்தது. அதை ‘5 ஈ’ என்று படிப்பதா, ‘எஸ் ஈ’ என்று படிப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஏழு கோடுகளைக் கொண்டு எழுத்தமைக்கும் திரையில் இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. மெய்க்குப் புள்ளி வைக்காமலும், ரகரத்தையும் காலையும் ஒன்றுபோலவும் எழுதி உ.வே.சா.வை அலைக்கழித்த ஏட்டாளர்களின் வழித்தோன்றல்கள் மின்னணுத் துறைக்குப் போய்விட்டார்கள் என்று கொள்ளலாம். எப்படிப் படித்தாலும் பொருள் ‘தண்ணீர் வெளியேறவில்லை’ என்பதே. அது கதவுக் கண்ணாடியைப் பார்த்தாலே தெரிந்தது.

பழுது வகைகள். பெல்ட் அறுதல்: மாற்றுக. தண்ணீர் ஏறாமை: குழாய் மாட்டும் இடத்திலுள்ள சின்ன வலையை எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க, போர் தண்ணீர் உள்ள வீடுகளில் உப்பு படிந்து அடைத்திருக்கும். ஏறிய தண்ணீர் ஏற ஏறவே போய்விடுதல்: வெளியேற்றும் குழாய் தரையில் கிடக்கிறது, தூக்கி மாட்டுக. புது மெஷின் அறையெங்கும் நடத்தல்: லாரியில் வரும்போது டிரம்மை இறுக்கிப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்ற மறந்துவிட்டார்கள். கெப்பாசிட்டர்: ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், தொட்டால் ஆய்வு முற்றுப்பெறும், ஆய்வாளரும். எலி வயரைக் கடித்தல்: தனி நூலுக்குரியது.

அகழாய்வு. மெஷினின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் சிறு கதவு உண்டு. அதன் பின்னே, வெளியேற்றும் பம்புக்கு முன்காவலாக, திருகிக் கழற்றும் வடிகட்டி. அங்கே அகழ்ந்தபோது மூன்று மண்ணடுக்குகள் கிடைத்தன. மேலடுக்கில் நூற்பஞ்சும் தலைமுடியும் சோப்புப் பசையும் கலந்த சாம்பல் நிறக் களி. நடுவடுக்கில் சேஃப்டி பின், சட்டைப் பொத்தான், பஸ் டிக்கெட்டாக இருந்திருக்கக்கூடிய காகிதக்கூழ். கீழடுக்கில் ஒரு பத்து ரூபாய் நாணயம், 27 மில்லிமீட்டர் குறுக்களவு, இரு உலோகம்.

நாணயத்தில் ரூபாய்க் குறி தெளிவாக உள்ளது. அக்குறி 2010இல் ஏற்கப்பட்டது. ஆகவே இவ்வடுக்கு அதற்கு முற்பட்டதன்று என அறுதியிடலாம். மெஷின் வாங்கிய பில்லில் தேதியே இருக்கிறதே என்று வீட்டார் குறுக்கிட்டார்கள். பில்லைப் பார்த்துக் காலம் சொல்வது யாராலும் முடியும், அது ஆய்வாகாது.

இன்னும் ஒரு கருதுகோள். இந்த நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்த பின்னும், தமிழ்நாட்டில் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் வாங்க மறுத்த காலம் ஒன்று உண்டு. வாங்கப்படாத நாணயம் சட்டைப்பையிலேயே தங்கும். சட்டைப்பையில் தங்கியது துவைக்கப்படும். துவைக்கப்பட்டது வடிகட்டியை அடையும். எனவே சர்வீஸ் பால்கனியில் தேங்கிய தண்ணீருக்கு முதற்காரணம் நாட்டின் நாணயப் புழக்கமே. இதை மறுப்பவர்கள் தம் வடிகட்டியைக் காட்டிவிட்டு மறுக்கட்டும்.

திருகாணிச் சிக்கல். கீழடுக்கின் ஓரத்தில், களியைக் கழுவும்போது, மிளகளவில் மரை வெட்டிய பொருள் ஒன்று அகப்பட்டது. இதுவே இத்துறையின் தலையாய பொருள். இது மெஷினிலிருந்து கழன்ற ஸ்க்ரூ என்பர் எந்திரவாதிகள். தோட்டின் திருகாணி என்பர் அணிகலவாதிகள். எந்திரவாதம் வலுவானது, மெஷினில் அவ்வளவு ஸ்க்ரூக்கள் உள்ளன. பின்பலகையைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் இப்பொருளைப் பொருத்திப் பார்த்தோம். எதிலும் சேரவில்லை. சேராததால், சேரவேண்டிய துளை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது நிறுவப்பட்டது.

காந்தச் சோதனையில் ஒட்டவில்லை. தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்று அணிகலவாதிகள் எக்களித்தார்கள். பித்தளையும் ஒட்டாது என்று எந்திரவாதிகள் அவர்கள் வாயை அடைத்தார்கள். அடகுக்கடைக்காரர் உரைகல்லில் தேய்த்து 22 காரட் என்றார் (அடகு உரை, கடைவாசல் பாடம், வட்டி விகிதம் பற்றிய பிற்சேர்க்கை இடைச்செருகலாகலாம்). 22 காரட்டில் ஸ்க்ரூ போடும் கம்பெனி உண்டா என்று அணிகலவாதிகள் கேட்டார்கள். உயர்ரக மாடல்களில் இருக்கலாம் என்ற சாத்தியத்தை நேர்மையான ஆய்வாளர் தள்ளிவிட முடியாது (எதிர்வீட்டு உரை, மூன்றாம் பதிப்பு, மொட்டைமாடிச் சொற்பொழிவு, துணி காயப்போட்டுக்கொண்டே நிகழ்த்தப்பட்டது, மழைத்தூறலால் முடிவுரை ஈரமாகி வாசிக்க இயலவில்லை).

இந்நிலையில் மனைவி வந்தார். “என்னங்க இது, ஆடி மாசத்துலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்” என்று எடுத்தார். காதிலிருந்த ரப்பரைப் பிடுங்கிவிட்டு, அதைத் திருகிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கச்சிதமாகப் பொருந்தியது. பத்தர் கையால் மரை வெட்டிய திருகாணி, தன் தோட்டைத் தவிர வேறொன்றில் எளிதில் ஏறாது என்பதும் உண்மைதான். ஆனால் உடையவர் தம் பொருளைத் தமது என்று சொல்வது தற்சார்புக் கூற்று. மேற்கோளும் இல்லை. கோயிலைப் பற்றி அக்கோயில் பூசாரியிடமும், மீனைப் பற்றி மீனவரிடமும் கேட்காமல் முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டிருக்கும்போது, இந்த ஒரு சாட்சியத்தை மட்டும் ஏற்க நியாயமில்லை. சிக்கல் திறந்தே இருக்கிறது.

மெஷின் ஓடுகிறது. பின்பற்ற விரும்புவோர் ப்ளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, வெந்நீர்த் துவையல் என்றால் ஆறவிட்டு, வடிகட்டியை மெதுவாகத் திருகுங்கள். பக்கத்தில் சிறு ரப்பர் குழாய் இருந்தால் முதலில் அதன் வழியே வடியுங்கள். பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரம் போதாது.