தோளுக்கு ஓய்வு, வருமானத்துக்கு இல்லை

கேள்வி: வயது 56. செம்பனைக் குலை வெட்டியே காலம் போய்விட்டது. தோள் கெஞ்சுகிறது. இ.பி.எப். பணத்தை எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிடலாமா? சிரம்பானில் பாதுகாவலர் வேலை இருக்கிறது என்கிறான் மகன். விலைவாசியை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– தோட்டத் தொழிலாளி, பகாவ்

பதில்: அண்ணே, தோள் கேட்கும் ஓய்வைக் கொடுத்துவிடுங்கள். அண்ணாந்து பார்த்தபடி நீளக் கழியால் குலையை அறுத்துத் தள்ளும் வேலை இனி உங்களுக்கு வேண்டாம். வருமானத்துக்கு மட்டும் இப்போதே ஓய்வு கொடுக்காதீர்கள்.

55 வயதில் சேமநிதியை எடுக்கலாம். எடுத்தே தீரவேண்டும் என்று சட்டமில்லை. 2024-க்கு இ.பி.எப். கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. கைமாற்று கேட்டு வரும் உறவினர் யாரும் அவ்வளவு தரமாட்டார்!

கூரையை முதலில் பாருங்கள். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. அன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் சேர்ந்தே பறிபோயின. அதைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. இது 2013 முதல் சட்டம். அதனால் வயதைக் காட்டி உங்களை இப்போதே அனுப்ப முடியாது. நாற்றுமேடையிலோ காவலிலோ இலகு வேலை தரச்சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள். இல்லையென்றால் சிரம்பானுக்குப் போங்கள். ஆனால் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம், இ.பி.எப்., சொக்சோ மூன்றும் உண்டா, எத்தனை மணி நேர வேலை என்று எழுத்தில் வாங்குங்கள். வாடகையையும் கணக்குப் போடுங்கள். வீடு உறுதியான பிறகே ராஜினாமா கடிதம்.