அசேலியா விதை தின்னியை இனங்காணும் இயல்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் தீ நிறத்தில் பூக்கும் ஓர் அசேலியா உண்டு. வில்லியம் பார்ட்ரம் 1791இல் வெளியிட்ட பயண நூலில் வியந்து எழுதிய செடி அது. விதைக்காக அதன் காய்களை இலையுதிர் காலத்தில் பறித்துக் காகித உறையில் உலர்த்துகிறோம். உறையைப் பிரித்தால் சில காய்களில் விதைக்குப் பதில் புழுவின் கழிவுதான் இருக்கிறது. காயின் விலாவில் ஒரு துளை. தின்றது யார்?

காயின் அமைப்பு முதலில். ஐந்து அறைகள், முற்றினால் நுனியிலிருந்து வெடிக்கும். விதை தூசி போன்றது, காற்றில் பறப்பது. ஆகவே உள்ளே நுழையும் ஒரே புழுவுக்கு ஒரு காயின் விதை முழுதும் இரையாகலாம். துளையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. புழு வேண்டும், அதன் கால்களை எண்ண வேண்டும்.

மார்பில் மூன்று இணைக் கால்கள், வயிற்றில் ஐந்து இணைக்கு மேற்படாத போலிக்கால்கள், அவற்றின் அடியில் நுண்கொக்கிகள்: அந்துப்பூச்சியின் புழு. போலிக்கால்கள் ஆறு இணையோ அதற்கு மேலோ இருந்து, கொக்கி இல்லையென்றால் ரம்பப் பூச்சியின் புழு. அசேலியாவில் அது இலை தின்னி. காலே இல்லாமல், பழுப்புத் தலையோடு வளைந்து கிடப்பது கூன்வண்டின் புழு. காலும் தலையும் தெரியாமல், ஒரு முனையில் கரிய வாய்க்கொக்கி மட்டும் தெரிந்தால் ஈயின் புழு. உறைக்குள் ஆறு கால்களோடு ஓடும் வெளிறிய சிறுபூச்சி புத்தகப்பேன். ஈரத்தில் படரும் பூஞ்சைக்கு வந்தது. அதன்மேல் பழி போடலாகாது.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. லின்னேயஸ் 1753இல் மகரந்தத் தாள்களை எண்ணித்தான் அசேலியாவை ரோடோடென்ட்ரானிலிருந்து பிரித்தார்: அசேலியாவுக்கு ஐந்து, ரோடோடென்ட்ரானுக்குப் பத்து. 1834இல் தாவரவியலாளர் ஜார்ஜ் டான் இரண்டையும் ஒரே பேரினமாக்கினார். கால்களின் கணக்கும் அப்படியே: புழு எந்த வரிசையைச் சேர்ந்தது என்று சொல்லும், இனப்பெயரைச் சொல்லாது. அதற்குப் புழு வளர்ந்தாக வேண்டும். பாதிக் காய்களைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, அந்துப்பூச்சியோ வண்டோ வெளிவரும்வரை காத்திருங்கள்; குளிர்காலம் முழுதும் ஆகலாம். ஒரு புழுவைக் கொதிநீரில் சில நொடி தோய்த்து 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுவையுங்கள். பறித்த இடம், நாள், செடியின் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளேயே இடுங்கள்; மையெழுத்து கரைந்துவிடும். வெளிவந்த பூச்சியையும் ஆல்கஹாலில் இட்ட புழுவையும் பார்த்தால் பூச்சியியலாளர் பெயர் சொல்ல வழியுண்டு.

பெயர் தெரியும்வரை மருந்து தெளிக்க வேண்டாம். காய்க்குள் இருக்கும் புழுவைத் தெளிப்பு எட்டாது. பூவுக்கு வரும் தேனீயை எட்டும். அடுத்த ஆண்டு பூ உதிர்ந்ததும், விதைக்கென ஒதுக்கிய பிஞ்சுகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டுங்கள். வெளியிலிருந்து வந்து முட்டையிடுவது அந்துப்பூச்சியோ, வண்டோ, ஈயோ, பை மூன்றையும் தடுக்கும்.