தட்டிக் கேட்ட கேள்விகள்

போன இதழில், ‘என் கீபோர்டை நானே பிரித்து மேய்ந்தேன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மாதக்கணக்கில் அரசியல் பற்றி நான் எழுதிய பதில்களை யாரும் கண்டுகொண்டதில்லை. இந்த ஒரு வரிக்குக் கடிதம் கடிதமாக வந்து விழுகிறது. சரி, இந்த முறை முழுக்கக் கீபோர்டுதான். அரசியல்வாதிகள் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கட்டும்.

கல்லூரி மாணவர், திருச்செங்கோடு

கே: மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் என்ன? மற்றதில் மெக்கானிக் வேலையே இல்லையா?

ப: சாதாரண கீபோர்டில் எல்லா கீகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. கூட்டுக் குடும்பம். மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் சொந்தமாக ஒரு சுவிட்ச், அதற்குள் சொந்தமாக ஒரு ஸ்பிரிங். தனிக்குடித்தனம். ஒன்று மக்கர் செய்தால் அதை மட்டும் கழற்றிப் பார்க்கலாம். கழற்றலாம் என்று தெரிந்த பிறகு நம் கை சும்மா இருக்குமா? அதற்குப் பெயர்தான் ‘மாட்’.

வங்கி ஊழியர், தஞ்சாவூர்

கே: ரெட், பிரவுன், ப்ளூ என்று மூன்று வண்ணம் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

ப: ரெட் வழுக்கிக்கொண்டு நேரே இறங்கும். பிரவுன் நடுவில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கும். ப்ளூ அதே வேகத்தடையில் ஹாரனும் அடிக்கும். செர்ரி நிறுவனத்தின் ரெட்டுக்கு 45 கிராம் அழுத்தம் போதும். அதன் மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர், அதில் பாதி வழியிலேயே எழுத்து விழுந்துவிடும். மிச்சம் 2 மில்லிமீட்டர் நம் கோபத்துக்கு.

சுவிட்சைப் பிரித்து உள்ளே கிரீஸ் தடவிப் பழக ரெட்தான் நல்லது. ப்ளூவில் கை வைக்காதீர்கள். அதன் உயிரே அந்த ‘கிளிக்’. அதில் கிரீஸ் அப்புவது, பாடகரைக் காசு கொடுத்து அழைத்து வந்து கச்சேரி முழுக்க மைசூர்பாகு ஊட்டிக்கொண்டிருப்பது போல.

அதே தஞ்சாவூர்க்காரர்

கே: செர்ரி, கேட்டரான், கைல், அவுட்டெமு என்று பெயர்தான் வேறு, பார்க்க எல்லாம் ஒன்றாக இருக்கின்றனவே?

ப: செர்ரி ஜெர்மனியில் இயங்கும் நிறுவனம். எம்எக்ஸ் சுவிட்சை 1980-களில் கொண்டுவந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் சீனத் தயாரிப்பாளர்கள் அதே அமைப்பில் களமிறங்கினார்கள். எல்லாருடைய சுவிட்சின் தலையிலும் அதே கூட்டல் குறி. அதனால் ஒன்றின் மேல் மாட்டும் எழுத்துத் தொப்பி இன்னொன்றுக்குச் சேரும். நகல்தானே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். வழவழப்பில் சில சிஷ்யர்கள் குருவைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

டிடிபி சென்டர் உரிமையாளர், சிவகாசி

கே: இருபது வருடமாக உழைத்த டிவிஎஸ் கோல்டு கீபோர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை மாட் செய்யலாமா?

ப: முதலில் அதற்கு ஒரு கும்பிடு. மெக்கானிக்கல் என்ற சொல்லே காதில் விழாமல் டிடிபி சென்டரிலும் பில் கவுன்ட்டரிலும் அதைத் தட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கால கோல்டுக்குள் இருந்தவை செர்ரி ப்ளூ சுவிட்சுகள். இன்றைய பையன்கள் ஆசை ஆசையாகத் தேடுவதை நீங்கள் இருபது வருடமாக இன்வாய்ஸ் அடிக்க வைத்திருந்தீர்கள்.

ஆனால் அதன் சுவிட்சுகள் பிசிபி என்கிற மின்சுற்றுப் பலகையில் சாலிடர் வைத்துப் பற்றவைத்தவை. 104 கீ, ஆளுக்கு 2 கால், மொத்தம் 208 இடத்தில் ஈயத்தை உருக்கி உறிஞ்ச வேண்டும். புதுக் கை என்றால் முப்பதாவது காலுக்குள் பிசிபியின் செம்புத் தடமும் சேர்ந்து பெயர்ந்து வரும். அந்த வம்பு வேண்டாம். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தொப்பிகளை மட்டும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காய வையுங்கள். ஸ்பேஸ் பாருக்கும் என்டருக்கும் அடியில் கம்பி இருக்கும், வெடுக்கென்று இழுக்காதீர்கள். இருபது வருட முறுக்குத் துகள் வெளியே வரும். அதைவிடப் பெரிய மாட் கிடையாது.

கை பழக, ‘ஹாட் ஸ்வாப்’ என்று போட்ட கீபோர்டு ஒன்று தனியாக வாங்குங்கள். அதில் சுவிட்சைப் பிடுங்கலாம், செருகலாம். ஈயமும் வேண்டாம், புகையும் வேண்டாம்.

ஐ.டி. ஊழியர், மடிப்பாக்கம், சென்னை

கே: கீபோர்டு கடகடவென்கிறது. ‘முதலில் ஸ்டெபிலைசரைக் கவனி’ என்கிறான் நண்பன். ஃபிரிட்ஜுக்கு இருப்பதிலேயே இதற்கும் லைன் கொடுத்துவிடலாமா?

ப: கொடுத்தால் கீபோர்டு ஜில்லென்று இருக்கும், கடகடப்பு போகாது. உங்கள் நண்பர் சொன்னது வேறு. ஸ்பேஸ் பார், என்டர், பேக்ஸ்பேஸ், இரண்டு ஷிஃப்ட்: இந்த ஐந்தும் நீளமானவை. நடுவில் மட்டும் சுவிட்ச் இருந்தால் ஓரத்தில் தட்டும்போது சீசா பலகை மாதிரி சாயும். அதற்காக இரண்டு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் கால் வைத்து, இரண்டையும் ஒரு எஃகுக் கம்பியால் கோத்திருப்பார்கள். அந்தக் கம்பி காலுக்குள் லொடலொடவென்று ஆடுவதைத்தான் நீங்கள் கடகடப்பு என்கிறீர்கள். புதிதாக வருகிறவர்கள் சத்தம் வந்தால் உடனே சுவிட்சைச் சந்தேகப்படுகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் இந்தக் கம்பிதான். என்னைக் கேட்டால், இந்த ஐந்து கீயைச் சரிசெய்துவிட்டு ஒரு வாரம் வேறு எதையும் தொடாதீர்கள். பாதிப் பேருக்கு அதற்கு மேல் தேவையே இருக்காது.

எப்படி? யூஎஸ்பி வயரைப் பிடுங்குங்கள். ஸ்பேஸ் பாரை நேராக மேலே தூக்குங்கள். பேனா முனையால் இடது காலை அழுத்திப் பாருங்கள், பிறகு வலது கால். எந்தப் பக்கம் சலசலக்கிறது என்று காது சொல்லிவிடும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரிஞ்ச் வாங்குங்கள், முனை மழுங்கியதாக இருந்தால் நல்லது. வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கேளுங்கள். ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் மூடிக்குள் தடவும் சிலிக்கான் கிரீஸ் அது. காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பி உள்ளே போகும் துளையில் ஒரு கடுகளவு ஏற்றுங்கள். பத்துத் தடவை அழுத்துங்கள். சலசலப்பு அடங்காவிட்டால் இன்னொரு கடுகு. மிளகுக்குப் போனால் ஸ்பேஸ் பார் கீழே போய்விட்டு யோசித்து யோசித்து மேலே வரும்.

அப்படியும் ஒரு பக்கம் மட்டும் அடம் பிடித்தால் கம்பி கோணல். கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து ஒரு முனையைத் தட்டுங்கள். மற்ற முனை துள்ளினால் கையாலேயே கொஞ்சம் வளைத்து நேராக்க வேண்டியதுதான்.

இல்லத்தரசி, நாகர்கோவில்

கே: இவ்வளவு கிரீஸ் எதற்கு? வீட்டில் நல்ல தேங்காய் எண்ணெய் இருக்கிறதே?

ப: நாகர்கோவில்காரர் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். நாளாக நாளாக எண்ணெய் காற்று பட்டுப் பிசுபிசுக்கும், தூசியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும். மார்கழியில் உறையவும் உறையும். தலைக்கே வையுங்கள். டபிள்யூடி-40 அடிக்கலாமா என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அது துருவையும் அழுக்கையும் கரைத்து இளக்கும் சாமான். இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

பொறியியல் மாணவி, கோவை

கே: சுவிட்சைப் பிரித்து லூப் (அதாவது கிரீஸ்) போட எவ்வளவு நேரம் ஆகும்? உண்மையைச் சொல்லவும்.

ப: ஒரு சுவிட்சுக்கு எனக்கு 3 நிமிடம். நம்பர் பேடு இல்லாத கீபோர்டில் 87 கீ. மொத்தம் 261 நிமிடம். இடுப்பு வலி தனி.

பிரித்தால் மேல்மூடி, தண்டு, ஸ்பிரிங், கீழ்க்கூடு. கூட்டின் ஒரு சுவரில் மெல்லிய உலோக இதழ் ஒன்று இருக்கும். அதுதான் எழுத்தைக் கணினிக்குச் சொல்லும் நாக்கு. க்ரைடாக்ஸ் 205 கிரேடு 0 என்ற கிரீஸைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். நான்ஸ்டிக் தவாவின் பூச்சில் இருக்கும் அதே பிடிஎஃப்இ இதிலும் உண்டு. அதற்காக வேலை முடிந்ததும் கை கழுவாமல் வடையை எடுத்துவிடாதீர்கள். ஓவியர்கள் கண் திறக்கும் பூஜ்யம் நம்பர் பிரஷில் தொட்டு, அதையும் டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, கூட்டுக்குள் தண்டு உராயும் இரண்டு தடத்திலும், தண்டின் பக்கங்களிலும் பூசுங்கள். பூசிய இடம் லேசாக மினுங்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம்.

இதழைத் தொடாதீர்கள். தண்டில் அந்த இதழைத் தள்ளும் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும், அவற்றையும் விட்டுவிடுங்கள். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். முதல் கீபோர்டில் உற்சாகத்தில் எஸ் கீயின் இதழ் முழுக்க அப்பிவிட்டேன். நான் அடிப்பது தமிழ்99 விசை அமைப்பில். அதில் எஸ்தான் ‘இ’. மறுநாள் ஒரு சமையல் குறிப்பை டைப் செய்துவிட்டு நிமிர்ந்தால், சிக்கன் பிரியாணி திரையில் ‘சக்கன் பரயாண’ என்று கிடக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பூட்டிய பிறகுதான் பிரியாணிக்கு உயிர் வந்தது.

இன்னொன்று. முதல் பத்து சுவிட்ச் எல்லாருக்கும் சொதப்பும். அவற்றை ஸ்க்ரோல் லாக், எஃப்9 மாதிரி யாரும் எட்டிப் பார்க்காத இடங்களில் குடிவையுங்கள்.

இசைக் கல்லூரி ஆசிரியர், மதுரை

கே: என் மகன் சதா ‘தொக், தொக்’ என்கிறான். ஊறுகாய் போடும் எண்ணமா?

ப: தக்காளித் தொக்கு என்றால் சந்தோஷப்பட்டிருக்கலாம். இது கீபோர்டு ரசிகர்களின் சொர்க்கம். உங்களுக்கு விளக்குவது சுலபம்: மிருதங்கத்தின் வலந்தலை மாதிரி கணீரென்று கேட்டால் ‘கிளாக்’, இடது பக்கத் தொப்பி மாதிரி அடங்கிக் கேட்டால் ‘தொக்’. கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவைப் பசை அப்புகிறீர்களே, உங்கள் மகனும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யப்போகிறான். கீபோர்டைத் திறந்து பிசிபியின் முதுகில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுவான். பெயின்டர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒட்டும் அதே டேப். பெட்டியின் அடியில் இருக்கும் காலி இடத்தில் ஃபோம் ஷீட்டை வெட்டிப் போடுவான். மேல் ஸ்தாயி அடங்கி, கீழ் ஸ்தாயி முன்னுக்கு வரும். ஹார்டுவேர் கடையோடு முடிந்துவிடும் செலவு, பிடிக்காவிட்டால் உரித்துப் போட்டுவிடலாம். பளபளவென்று இருக்கும் அலுமினியம் டேப்பை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் மின்சாரம் பாயும், ஒரே நொடியில் மங்களம் பாடிவிடும்.

பெயர் வேண்டாம், வேலூர்

கே: புது சுவிட்ச் செருகினேன். பத்தில் இரண்டு வேலை செய்யவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ப: அவரைத் திட்டுவதற்கு முன் சுவிட்சைப் பிடுங்கிப் புரட்டிப் பாருங்கள். இரண்டு உலோகக் கால்களில் ஒன்று மடங்கிச் சம்மணம் போட்டிருக்கும். ட்வீசரால் நிமிர்த்தி, பார்த்து, நேராக இறக்குங்கள். செருகும்போது முடிந்தால் பிசிபிக்கு அடியில் விரல் கொடுத்துத் தாங்குங்கள், இல்லாவிட்டால் சாக்கெட்டே கழன்று விழும். சுவிட்ச் உள்ளேயே போகவில்லை என்றால் அது ஐந்து கால்காரர், உங்கள் பிசிபி மூன்று துளைக்காரர். கூடுதலாக இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் வெட்டிவிடலாம், வலிக்காது.

கே: மாட் செய்தால் டைப்பிங் வேகம் கூடுமா? (இதை ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள்.)

ப: கூடாது. அடித்ததையே திரும்பத் திரும்ப அடித்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

தமிழாசிரியை, திருவாரூர்

கே: தமிழ்99 அடிக்கிறேன். தமிழ் எழுத்து போட்ட தொப்பி வாங்கினால் உதவுமா?

ப: அழகாக இருக்கும். ஆனால் பழகியவர் கீழே பார்ப்பதில்லை, பழகாதவர் கீழே பார்த்தே பழகாமல் போகிறார். எஃப், ஜே இரண்டிலும் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, தமிழ்99-இல் அவை புள்ளியும் ‘ப’வும். விரல் அங்கே உட்கார்ந்தால் உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. தொப்பி வாங்கினால் பிபிடி பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். ஏபிஎஸ் சீக்கிரமே எண்ணெய் வழிகிற மூஞ்சி மாதிரி பளபளக்கும். வரிசை மாற்றி மாட்டி விளையாடும் ஆசை இருந்தால் எக்ஸ்டிஏ வடிவம் பாருங்கள், அதில் எல்லா வரிசையும் ஒரே உயரம். சாதாரணத் தொப்பிகளில் வரிசைக்கு வரிசை சரிவு மாறும், இடம் மாற்றினால் பல்வரிசை கெட்டுவிடும்.

நிரலாளர், ஓசூர்

கே: கேப்ஸ் லாக்கை இதுவரை வேண்டுமென்று அழுத்தியதே இல்லை. தெரியாமல்தான் அழுத்தியிருக்கிறேன். பிடுங்கி எறியலாமா?

ப: ஓட்டை தெரியும். உங்கள் கீபோர்டு ‘வியா’ மென்பொருளுக்கு ஒத்துழைக்குமானால் அந்த இடத்தில் கன்ட்ரோலைக் குடிவையுங்கள். எந்தக் கருவியும் தேவைப்படாத மாட் இது. முக்கால்வாசிப் பேர் இதைச் செய்யாததற்கும் அதுவே காரணம்.

குடும்பத்தலைவி, மடிப்பாக்கம், சென்னை

கே: என் கணவர் உங்களுக்குக் கடிதம் போட்டதாகக் கேள்வி. மூன்று ஞாயிறாக டைனிங் டேபிள் முழுக்க 87 சுவிட்ச் பிரிந்து கிடக்கிறது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். என்ன செய்யட்டும்?

ப: ஐந்து ஸ்டெபிலைசரோடு நிறுத்தச் சொல்லித்தான் மேலே எழுதியிருக்கிறேன், அதைப் படிப்பதற்குள் அவர் எல்லை தாண்டிவிட்டார் போலிருக்கிறது. மளிகைக் கடையில் மூன்று முட்டை ட்ரே கேட்டு வாங்குங்கள். ட்ரேக்கு 30 குழி வீதம் 90. பிரித்த சுவிட்ச் ஒன்றுக்கு ஒரு குழி, ஸ்பிரிங் உருண்டு சோபாவுக்கு அடியில் ஓடாது, அப்படியே தூக்கிப் பரணில் வைத்துவிடலாம். மிச்சமிருக்கும் 3 குழியில் முட்டையே வைத்து அனுப்பச் சொல்லுங்கள், அன்றைய ராத்திரிக்கு ஆம்லெட் ஆயிற்று.