முத்துத் தேத்தண்ணி: மலையகக் கொதிநிலையில் ஓர் ஆய்வு

பபிள் டீயை முதலில் போட்டது யார் என்ற வழக்கு தாய்வானில் பத்து வருடம் இழுபட்டது. தைச்சுங் நகரத்துச் சுன் சுய் தாங் கடையும் தைனான் நகரத்து ஹன்லின் கடையும், 1980களில் தேநீரில் மரவள்ளி முத்தைப் போட்டது தாங்களே என்று மல்லுக்கட்டின. இது யாரும் போட்டு விற்கக்கூடிய பானம், முன்னோடி யாரென்று தீர்மானிக்கத் தேவையில்லை என 2019இல் நீதிமன்றம் கையை விரித்தது. லயத்து வாசலில் கருப்பட்டியைக் கடித்தபடி பிளேன்டீ குடித்த மலையகக் கிழவிகளை எந்தத் தரப்பும் சாட்சிக்கு அழைக்கவில்லை. கடியும் குடியும் ஒரே வேளையில் நடக்கலாம் என்பதை அவர்கள் ஸ்ட்ரோ இல்லாமலே நிறுவியிருந்தார்கள்.

எனவே ஆய்வுக்களம் நுவரெலியா.

இங்கே முதல் எதிரி மலைதான். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகச் சுணங்கும் கதையை ஊரில் யாரும் சொல்வார்கள். ஆனால் முத்து கெட்டால் முழுப்பழியையும் மலைமேல் போட முடியாது. மரவள்ளி மா 70 பாகையை ஒட்டியே பசையாகிவிடும். சூடு முத்தின் நடுவுக்குப் போய்ச்சேரத்தான் கூடுதல் நேரம் வேண்டும். ஒன்றை எடுத்துக் குறுக்கே நறுக்கினால், நடுவில் தெரியும் வெள்ளைப் புள்ளி மறையும்வரை அடுப்பை அணைக்கக்கூடாது.

பெரும்பாலான தோல்விகள் அடுப்புக்கு முன்பே நிகழ்கின்றன. சீனிப்பாகு தளதளவென்று கொதிக்கும்போது மாவில் ஒரு பங்கைக் கொட்டிக் கிளறி, அது பசையானதும் மீதியைச் சேர்த்துப் பிசைய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றியவர் கையில் விநோதமான வஸ்து கிடைக்கும்: அழுத்தினால் கல், விட்டால் விரலிடுக்கில் வழியும். அதை உருட்ட எந்தப் பட்டமும் உதவாது.

பாயாசச் சவ்வரிசியைப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சேலத்துச் சவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. பிறப்பும் அதே மரவள்ளிதான். ஆனால் அது ஈரமாவைக் குலுக்கி உருட்டி, சூட்டில் வாட்டி எடுப்பது. பாயாசத்தில் குழைவது அதன் பெருமை. பபிள் டீயில் அதுவே குற்றம். இங்கே முத்து பல்லுக்கு எதிர்த்து நிற்க வேண்டும்.

இவ்வளவு பேசிவிட்டுத் தேயிலையை மறப்பதுதான் முத்துக் கட்சியாரின் வழக்கம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது பாலில் கரைந்து காணாமல் போவதற்கல்ல. நுவரெலியாத் தேயிலை மெல்லிய பொன்னிறமும் மணமும் கொண்டது. பால் பட்டால் வாய் மூடிக்கொள்ளும். அதை வெறும் சாயமாகக் குடிப்பதே மரியாதை. பாலுக்கு ஈடுகொடுப்பது ஹட்டன் பக்கத்துத் திம்புளைத் தேயிலை. அதிலும் முழு இலையல்ல, பி.ஓ.பி.எஃப். அல்லது டஸ்ட் எனப்படும் தூள் ரகம். பொடி சிறிதானால் சாயம் சீக்கிரமும் கடுமையாகவும் இறங்கும். பால், சீனி, ஐஸ் மூன்றையும் தாண்டி நாக்கில் தெரிய அந்தக் கடுப்பு தேவை. தோட்டத்து அடுப்படிகள் தூள் தேயிலையோடு வாழ்ந்து கண்டறிந்த உண்மையை இவ்வாய்வு தாமதமாக வழிமொழிகிறது.

வெந்த முத்தைக் கித்துள் பாணியில் ஊறவைப்பது நலம். தாய்வான்காரரின் கருஞ்சீனிப் பாகைவிட இதில் புகைமணம் கூடுதல். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் முத்து கட்டிதட்டிவிடும். அன்றன்றைக்கு, சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

தீராத சிக்கல் ஒன்று: ஹட்டன் குளிரில் ஐஸ் போட்டு யார் குடிப்பது? சூடாகக் கொடுத்தால் முத்து கோப்பைக்குள்ளேயே மேலும் இளகும். ஆகவே வெள்ளைப் புள்ளி மறைந்த கையோடு இறக்கி, ஊறவைக்காமல் பரிமாற வேண்டும்.