மேல்காது ஆறும், கையை எடுத்தால்!

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வரும் பெண்பிள்ளைகளின் காதைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். கீழே வழக்கமான தோடு. மேலே, குருத்தெலும்பில், ஒன்றோ இரண்டோ குட்டி ஸ்டட். பையன்களும் பின்தங்கவில்லை. தென்மாவட்டத்து மூதாட்டிகள் கொப்பும் முருகும் அணிந்த அதே இடம்தான். நடுவில் ஒரு தலைமுறை மறந்திருந்த மேல்காது இப்போது மறுபடி குத்து வாங்குகிறது. கூடவே எரிச்சல், வீக்கம், கட்டி என்று கேள்விகளும் வருகின்றன. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வாசகர்களின் சந்தேகங்கள் இந்த வாரம்.

கேள்வி: கீழ்க்காது குத்தி ரெண்டே மாசத்துல ஆறிடுச்சு. மேல்காது குத்தி நாலு மாசம் ஆகியும் தொட்டா வலிக்குது. குத்தினவங்க ஏமாத்திட்டாங்களா?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: பாவம், குத்தியவரை விட்டுவிடுங்கள். குருத்தெலும்பின் சுபாவமே அதுதான். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. குழாய் இணைப்பு இல்லாத தெருவில், பக்கத்துத் தெரு லாரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து குடும்பம் நடத்துவதைப் போல. கீழ்ச்சதைக்கு அந்தக் கவலை இல்லை, ரத்த ஓட்டம் தாராளம். அதனால் அது 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். மேல்காதுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும்.

இன்னொன்று. துளையின் இரண்டு வாயும் முதலில் ஆறும், நடுப்பகுதி கடைசியில்தான் ஆறும். வெளியே பளிச்சென்று இருப்பதைப் பார்த்து மூன்றாம் மாதமே வளையம் மாற்றப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் மறுபடி வீக்கத்தோடு வந்து நிற்கிறார்கள். நாலு மாதத்தில் தொட்டால் வலிப்பது இயல்பு. எதற்குத் தொடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கேள்வி: எங்க ஆயா தினம் மஞ்சள், தேங்காய் எண்ணெய் வச்சு, கம்மலைத் திருப்பி விடுறாங்க. திருப்பாட்டி சதை ஒட்டிக்குமாமே?
– பிளஸ் டூ மாணவி, காலடிப்பேட்டை

பதில்: ஆயாவின் அன்புக்கு நூற்றுக்கு நூறு. வைத்தியம் மட்டும் வேண்டாம். கம்மலைச் சுற்றிப் புதுத்தோல் ஒரு குழாயாக வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அந்தத் தோல் உள்ளே கிழிகிறது. காய்ந்து ஒட்டியிருந்த பொருக்கும் அதோடு துளைக்குள் போகிறது. திருப்பாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது நூல் கோத்துக் குத்திய காலத்துப் பயம். வழவழப்பான கம்பியில் சதை ஒட்டாது.

மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பதில் சண்டை இல்லை. ஆனால் பாக்கெட்டில் வரும் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டது அல்ல. அதை எண்ணெயில் குழைத்துத் துளையின் வாயில் அப்பினால், தூசியைப் பிடித்துவைக்கும் பசையாகிவிடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதிக்குப் பஞ்சமே இல்லை.

ஆயாவிடம் சொல்ல ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. குழந்தைக்கு ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ, இடது கையால் காதை இழுத்துப் பிடித்து, வெயில் ஊடுருவித் தெரியும் இடம் பார்த்துக் குத்த வேண்டும். திரி செருகி எண்ணெய் விட வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் தடித்த திரியாக மாற்ற வேண்டும். எல்லாம் கீழ்ச்சதைக்கான முறை. அதே அத்தியாயம், காது ஏன் வீங்குகிறது என்றும் சொல்கிறது: சரியில்லாத ஊசி, அளவுக்கு மீறித் தடித்த திரி, குத்தக் கூடாத இடம். இன்றைக்கும் மேல்காது எரிச்சலுக்கு மருத்துவர்கள் தேடும் காரணங்களில் இந்த மூன்றும் உண்டு. ஆயாவின் கைப்பக்குவம் பொய்யில்லை, இடம்தான் மாறிவிட்டது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் 0.9 சதவீத நார்மல் சலைன், சின்ன பாட்டிலாக வாங்குங்கள். திறந்ததை நாள்கணக்கில் வைத்து ஊற்றக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சலைனில் நனைத்த காஸ் துணியைத் துளையின் முன்னும் பின்னும் சற்று நேரம் வைத்தால் பொருக்கு ஊறித் தானே கழன்றுவிடும். பஞ்சு வேண்டாம், அதன் இழை கம்பியில் சுற்றிக்கொள்ளும். ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. தினம் இரண்டு முறை போதும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் தோலையும் அவை எரித்துவிடும்.

கேள்வி: உப்புத் தண்ணிதானே மருந்து? காசிமேட்டுல கடலே பக்கத்துல இருக்கு. தலையை முக்கி எடுத்தா ஆகாதா?
– பனைமரத்தொட்டி வாசகர்

பதில்: ஆகாது! கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். உங்கள் ரத்தத்தோடு ஒத்துப்போகும் சலைனைவிட ஏறக்குறைய நாலு மடங்கு. புண்ணில் பட்டால் எரியும், தோலைக் காயவைக்கும். அதுவும் துறைமுகத்துக்குள் அடங்கிக் கிடக்கும் தண்ணீர்; படகு டீசல், மீன் கழிவு, சாக்கடை எல்லாம் கலந்தது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகளுக்குத் திறந்த புண் என்றால் திறந்த கதவு. எண்ணூர் முகத்துவாரம் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றில் படகையும் வலையையும் கறுப்பாக்கியதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள்.

கடல் மட்டுமல்ல, சம்ப்பிலும் டிரம்மிலும் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரும் புதுத்துளைக்கு ஆகாது. தலைக்குக் குளித்த கையோடு சலைனால் ஒருமுறை அலசிவிடுங்கள்.

கேள்வி: துளை பக்கத்துல சிவப்பா ஒரு கொப்புளம். கீலாய்டுன்னு தோழிங்க பயமுறுத்துறாங்க. தலைமுடியைக் கட்டி அறுத்துடலாமா?
– திருவொற்றியூர் தேரடி வாசகி

பதில்: முடியைக் கீழே போடுங்கள், முதலில்! குத்திய சில வாரங்களில், துளையை ஒட்டி, மெத்தென்று, சில நேரம் நீர் கசியும் சின்னக் கட்டி வந்தால் அது பெரும்பாலும் எரிச்சல் கட்டி. காரணத்தை நீக்கினால் தானே வற்றும். கீலாய்டு வேறு. அது மெதுவாக, பெரும்பாலும் சில மாதம் கழித்து வரும். கெட்டியாக இருக்கும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும், தானாகப் போகாது. நம் போன்ற கறுத்த தோலுக்கு அந்த வாய்ப்பு அதிகம். வீட்டில் யாருக்காவது அம்மைத் தழும்போ ஆபரேஷன் தழும்போ புடைத்து வளர்ந்திருந்தால் மேல்காது குத்தும் யோசனையையே கைவிடுவது நல்லது. கீலாய்டுக்குத் தோல் மருத்துவர்கள் கட்டிக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வெறுமனே வெட்டி எடுத்தால் முன்னைவிடப் பெரிதாக வளரவும் கூடும். அப்படியிருக்க, முடி கட்டி அறுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

காரணத்தை எங்கே தேடுவது? எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், எந்தக் காதில் போன் வைக்கிறீர்கள், துண்டால் தலை துவட்டும்போது எந்தப் பக்கம் இழுபடுகிறது, திருகாணி எவ்வளவு இறுக்கம். இந்த நாலில் ஒன்றில் பதில் கிடைத்துவிடும். படுக்கும் பக்கத்தை மாற்ற முடியவில்லை என்றால், நடுவில் ஓட்டை விட்ட விமானப் பயணத் தலையணையில் காதை அந்த ஓட்டையில் வைத்துப் படுக்கலாம். வீக்கத்துக்கு இடம் விட்டு முதலில் போடும் நீளமான கம்பியை, வீக்கம் வடிந்ததும் குத்தியவரிடமே போய்க் குட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். நீண்ட கம்பி ஆடிக்கொண்டே இருந்தால் கட்டி போகவே போகாது.

கேள்வி: தினம் விம்கோ நகர்லேர்ந்து பைக்ல வேலைக்குப் போறேன். ஹெல்மெட் மேல்காதை உரசுது. கம்பெனியில காதுக்கு இயர்மஃப் வேற. எதை விடறது?
– தொழிலாளி, எர்ணாவூர்

பதில்: இரண்டையும் விடாதீர்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஹெல்மெட் இல்லாமல் போய்க் காப்பாற்றும் காது யாருக்கு வேண்டும்? மாட்டும்போதும் கழற்றும்போதும்தான் உரசல் அதிகம். இரண்டு வாரையும் வெளிப்பக்கமாக நன்றாக விரித்துப் பிடித்து நேராக இறக்குங்கள், காதை மடக்கிக்கொண்டு தேய்த்து இறக்காதீர்கள். இயர்மஃப் விளிம்பு துளை மீது அழுத்தினால், காதுக்குள் செருகும் நுரை அடைப்பான் கேளுங்கள். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளின் வரம்பு. அதைத் தாண்டிய சத்தத்தில் போன கேள்திறன் திரும்பாது. இன்னும் குத்தாதவர் என்றால், நீண்ட விடுமுறை கிடைக்கும்வரை தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: தொழிற்பேட்டையில இருக்கேன். 'இண்டஸ்ட்ரியல்' குத்தினாதானே பொருத்தம்?
– மணலி இளைஞர்

பதில்: பொருத்தம் பிரமாதம், ஆறுவதுதான் பெரும்பாடு. இரண்டு துளைக்கும் சேர்த்து ஒரே நீளக் கம்பி. ஒன்றில் பட்டால் இரண்டும் புண்ணாகும். முதல் துளையாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: துப்பாக்கியா, ஊசியா? எது நல்லது?
– பியூட்டி பார்லரில் பயிற்சி பெறுபவர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: துப்பாக்கி குருத்தெலும்பை நொறுக்கிவிடும் என்பது பரவலான பேச்சு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008-ல் இறந்தவர்களின் காதுகளில் இரண்டு முறையிலும் குத்திப் பார்த்தார்கள். சவ்வுக்கு ஏற்பட்ட சேதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வித்தியாசத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். பிளாஸ்டிக் துப்பாக்கியை, சூடான நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்க முடியாது, உருகிவிடும். ஊசியை உறை பிரித்து, ஒரே முறை பயன்படுத்தி எறிந்துவிடலாம்.

2000-ம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒரே நகைக் கடையில் துளை போட்டுக்கொண்ட 7 பேருக்கு சூடோமோனாஸ் கிருமித் தொற்று உறுதியானது. 18 பேருக்கு இருக்கலாம் என்று சந்தேகம். உறுதியானவர்கள் எல்லோரும் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகள், எல்லோருக்கும் மேல்காதில் குத்தியது. 4 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. சிலருடைய காது நிரந்தரமாக உருமாறிவிட்டது. கிருமி எங்கிருந்து வந்தது தெரியுமா? கிருமிநாசினி வைத்திருந்த பாட்டிலிலிருந்து! தண்ணீரில் சுகமாக வாழும் கிருமி அது. இன்னொரு கொடுமை, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு முதலில் தரப்பட்ட ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியை ஒன்றுமே செய்யாத வகை.

பயிற்சியில் இருக்கும் நீங்கள் இதை மறக்காதீர்கள். வாடிக்கையாளரின் காதைத் துடைக்க, மறுபடி மறுபடி நிரப்பும் ஸ்பிரே பாட்டில் வேண்டாம். ஒருமுறை துடைத்து எறியும் துணி போதும்.

கேள்வி: 916 தங்கம் போட்டும் அரிக்குதே?
– ராயபுரம் வாசகி

பதில்: 916 என்றால் 91.6 சதவீதம் தங்கம், மீதி செம்பு, வெள்ளி, துத்தநாகம் போன்றவை. அதில் குறை காண்பது அரிது. கம்மல் 916ஆக இருந்தாலும் திருகாணியும் அதே தங்கமா என்று கடையில் கேளுங்கள். கவரிங் என்றால் முலாம் தேய்ந்ததும் அடியிலுள்ள உலோகம் நேராகப் புண்ணில் படும். அரிப்புக்குப் பெரிய காரணம் நிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே, துளையில் போடும் நகைகளில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று விற்கும் 316எல் ஸ்டீலிலும் நிக்கல் உண்டு. ஜீன்ஸ் பட்டனோ வாட்ச் பக்கிளோ படும் இடத்தில் உங்களுக்கு அரிக்குமா? அரிக்கும் என்றால், ஆறும்வரை இம்பிளான்ட் தர டைட்டானியம்தான் பாதுகாப்பு.

கேள்வி: அடுத்த மாசம் கல்யாணம், மேல்காது குத்தி மூணு வாரம். மாட்டல் போடலாமா?
– கத்திவாக்கம் மணப்பெண்

பதில்: மேல்காது குத்தாத பக்கம் தாராளமாகப் போடுங்கள். குத்திய பக்கம் மாட்டல் சங்கிலி நேராகத் துளை மீதே உரசிக்கொண்டு போகும். போட்டோகிராபரிடம் சொன்னால் நல்ல பக்கத்தை எடுப்பார். வாழ்த்துகள்!

கேள்வி: எரிச்சலுக்கும் ஆபத்துக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது? எப்ப ஆஸ்பத்திரி?
– இரு பிள்ளைகளின் தாய், டோல்கேட்

பதில்: துளையைச் சுற்றி லேசான சிவப்பு, தொட்டால் வலி, காய்ந்தால் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ படியும் நீர், இவ்வளவும் எரிச்சல்தான். சலைன் போட்டுப் பொறுத்திருக்கலாம். மேல்காது முழுக்கச் சிவந்து, சூடாகி, வீங்கி, விண்விண் என்று தெறிக்கும்போது கீழ்ச்சதையைப் பாருங்கள். அது மட்டும் பழைய நிறத்தில் சாதாரணமாக இருந்தால் உடனே கிளம்புங்கள். கீழ்ச்சதையில் குருத்தெலும்பு கிடையாது, அதனால்தான் தொற்று அங்கே இறங்கவில்லை. சவ்வில் பிடித்த தொற்றுக்கு அதுவே அடையாளம். பச்சைச் சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இவையும் அப்படியே. சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே சீழ் கட்டினால், வந்துகொண்டிருந்த ஊட்டமும் நின்று குருத்தெலும்பு செத்துவிடும், காது சுருங்கி மடங்கிவிடும். பிறகு அதைச் சீராக்குவது பிளாஸ்டிக் சர்ஜனுக்கே சிரமமான வேலை.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். எது கேட்கும் என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நகையையும் நீங்களாகக் கழற்றாதீர்கள். துளையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளே அடைபடலாம், கழற்றுவதா வைப்பதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். நம் பகுதிக்குப் பழைய சிறைச்சாலை சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவு, தோல் பிரிவு இரண்டும் அங்கே உண்டு. 1971-ல் ஆர். வெங்கடசுவாமி அங்கே தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவோடு பிளாஸ்டிக் சர்ஜரியும் இருக்கிறது. பகலில் ஓ.பி. சீட்டு போடுங்கள். ராத்திரி காய்ச்சலோடு காது வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.