முகப்பில் முதலாளி

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் இவர் தட்டுப்படுவார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு போன். வெட் கிரைண்டர் செய்கிற முதலாளி. கிரைண்டர் இல்லையென்றால் பம்புசெட். அதுவும் இல்லையென்றால் இரண்டுக்கும் வேண்டிய உதிரிச் சாமான். தொழிலில் படு கெட்டிக்காரர். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஆடிட்டர், பேங்க் மேனேஜர், கல் ஏற்றிவரும் லாரிக்காரர் என்று எல்லோரையும் அவரவர் பாஷையில் வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவர். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நாள் வெப்சைட் ஆசை பிடித்துக்கொள்கிறது.

ஆசை தானாக வருவதில்லை. பின் சந்துப் போட்டிக்காரர் விசிட்டிங் கார்டில் மூன்று டபிள்யூ போட்டுவிட்டார் என்ற சேதி ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் காதில் விழுகிறது. அன்றைக்கு முதலாளி ரசத்தோடு எழுந்துவிடுகிறார். பாயசத்தைத் தொடவே இல்லை.

மறுநாள் வெப்சைட் செய்கிற தம்பி ஆபீசில் உட்கார்ந்திருப்பான். மச்சினன் மகனோடு இன்ஜினியரிங் படித்தவன், அதனால் விலை குறைவு. நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அவன் கேட்கும் முதல் கேள்வி மிகச் சரியான கேள்வி.

"சார், உங்க வெப்சைட்டுக்கு யாரு வருவாங்க? என்ன தேடிட்டு வருவாங்க?"

"அதெல்லாம் வருவாங்க தம்பி. நீங்க மொதல்ல லோகோவைப் பெருசாப் போடுங்க."

அந்தக் கேள்வி அதற்குப் பிறகு எழவே இல்லை. தம்பியும் சம்சாரி ஆகவேண்டியவன்தானே.

முதலில் பெயர். கம்பெனிப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அதையே முகவரியாக வைத்தால் முடிந்தது என்று தம்பி நினைக்கிறான். எண் கணித ஜோசியர் வேறு மாதிரி நினைக்கிறார். கூட்டுத்தொகை 5 வரவேண்டுமாம். ஆகவே ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு 'ஏ' கூடுகிறது, பின்னால் ஒரு 'ஹெச்' ஒட்டுகிறது, கடைசியில் இன்னொரு 'ஏ'. போனில் யாருக்காவது முகவரி சொல்வதற்குள் டீ ஆறிவிடும். சாதாரணமாக எழுதத் தெரிந்தவன் எழுதினால் அது வடநாட்டில் ஏதோ ஒரு குழாய்க் கம்பெனியைத் திறந்து காட்டுகிறது.

அடுத்தது முகப்புப் பக்கம். மாலை போட்ட அப்பா படம் இடப்பக்கம். கோட்டு போட்ட முதலாளி படம் வலப்பக்கம். கோட்டு ஸ்டுடியோக்காரருடையது. நடுவில் குலதெய்வம். கிரைண்டர் எங்கே என்று தம்பி கேட்டதற்கு, "கீழே வரட்டும் தம்பி, என்ன அவசரம்?" என்றார்.

தம்பி கொஞ்சம் படித்தவன். எடுத்துச் சொல்லிப் பார்த்தான். உலகத்தின் முதல் வெப்சைட்டை 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா பக்கத்துச் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வைத்ததையும், அதில் வெறும் எழுத்தும் தொட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகிற இணைப்பும் மட்டுமே இருந்ததையும், பழைய முகவரியில் அதை இன்றைக்கும் திறந்து பார்க்கலாம், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்பதையும் போனிலேயே காட்டினான். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல அவரு போட்டோ எங்கீங்க தம்பி?"

"இல்லைங்க சார்."

"அப்புறம் அதுல என்னத்தச் சம்பாரிச்சாங்க?"

"அந்தத் தொழில்நுட்பத்தை 1993ல எல்லாருக்கும் இலவசமாவே விட்டுட்டாங்க சார்."

"பாத்தீங்களா! மொதலாளி போட்டோ போடலைன்னா கடைசில சும்மாதான் குடுத்துட்டுப் போகோணும்."

தானாக நகர்ந்துகொண்டே இருக்கும் படவரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஸ்லைடர் என்பார்கள். அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் 2013இல் எண்ணிப் பார்த்தார்கள். வந்தவர்களில் அதைத் தொட்டது ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர், அவர்களிலும் பெரும்பாலோர் தொட்டது முதல் படத்தைத்தான். பின்னே ஏன் நம்மூர்க் கம்பெனிகள் அத்தனையிலும் ஸ்லைடர் ஓடுகிறது? அண்ணன் தம்பி நாலு பேர் பங்காளிகளாக இருக்கிற கம்பெனியின் முகப்பில் யார் படம் முதலில் என்பது லேசுப்பட்ட வழக்கா? ஸ்லைடர் வந்து தீர்த்துவைத்தது. பெரியவருக்கு 4 விநாடி, அடுத்தவருக்கு 4 விநாடி, கடைக்குட்டிக்கும் அதே 4 விநாடி. பெரிய மருமகனுக்கும் ஒரு படம் வேண்டும் என்று அக்கா கேட்டதால் ஐந்தாவதும் சேர்ந்தது. கோர்ட்டு வாசல் மிதிக்காமல் நடந்த பாகப்பிரிவினை. இதைப் போய் எடுங்கள் என்று எந்த ஆராய்ச்சிக்காரர் சொன்னாலும் எடுபடாது.

ஓடும் எழுத்து ஒன்றும் வேண்டும். டி.வி.யில் அடியில் ஓடுகிறதே, அந்த மாதிரி. 'எங்கள் இணையதளத்திற்கு வருக வருக' என்று வலமிருந்து இடமாக. 90களில் நெட்ஸ்கேப் கண்சிமிட்டும் எழுத்தைக் கொண்டுவந்தது, மைக்ரோசாஃப்ட் போட்டிக்கு ஓடும் எழுத்தைக் கொண்டுவந்தது. சிமிட்டும் எழுத்து 2013இல் ஃபயர்ஃபாக்ஸும் கைவிட்டதோடு கண்ணை மூடிவிட்டது. ஓடும் எழுத்தையும் காலாவதி என்று தள்ளிவைத்தாயிற்று, ஆனாலும் பிரவுசர்கள் இன்னும் ஓடவிடுகின்றன. நம் முதலாளிகளுக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தைப் படித்தால் கண்ணில் நீர் வரும். கோவையில் முதல் வெட் கிரைண்டரை 1955இல் செய்தவர் பி. சபாபதி என்பது ஊரறிந்த சங்கதி. இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கிறவருக்கு அதில் பலத்த சந்தேகம் வந்துவிடும். அப்பா மஞ்சப்பையோடு ஊரைவிட்டு வந்த நாள் தொடங்கி, மந்திரி கையால் கேடயம் வாங்கிய நாள் வரை பதினெட்டுப் பத்திகள். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதில் உண்டு, அது கம்பெனிக்கே தனியாகக் கொடுத்த பட்டம் என்று படும்படி. இரண்டு லிட்டர் கிரைண்டரில் எத்தனை பேருக்கு மாவு ஆட்டலாம் என்பது மட்டும் இல்லை.

தமிழ்ப் பக்கமும் வேண்டும் என்றார், அது நல்ல விஷயம். எழுத்து வந்தது தெருமுனை டி.டி.பி. கடையிலிருந்து. அவர்கள் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததைத் தம்பி அப்படியே ஒட்ட, யூனிகோடு அல்லாத அந்தத் தமிழ் முழுதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. சர்வீஸ் பக்கத்தில் இன்னும் விசேஷம். எழுத்து கைக்கு வரும்வரை இடத்தை அடைத்து வைப்பதற்காக டிசைனர்கள் போடும் லத்தீன் வரிகள் உண்டு, கி.மு. 45இல் சிசரோ எழுதிய நூலைக் கலைத்துப்போட்டது. அது எடுக்கப்படாமலே நின்றுவிட்டது. விருந்தாளி ஒருவர் இதென்ன பாஷை என்று கேட்டதற்கு முதலாளி அசரவில்லை.

"ஃபாரின் பாஷைங்க. எக்ஸ்போர்ட்டுக்கு வேணுமல்ல?"

திறப்பு விழாவை வளர்பிறையில், ராகுகாலம் கழித்து, பெரிய ஓட்டலில் வைத்தார்கள். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம். ஐயர் மவுசைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டினார். சங்கத் தலைவர் பட்டனை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு படமும் கல்யாண ஆல்பத்துக்கு எடுத்த கனத்தில் ஏற்றப்பட்டிருந்தது. நாதஸ்வரக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு இன்னொரு கீர்த்தனையை ஆரம்பித்தார். பல்லவி முடிந்தபோது அப்பாவின் மாலை தெரிந்தது; சரணத்தில் முகம் வந்தது.

"படத்தைக் கொஞ்சம் சுருக்கிடலாங்க சார்," என்றான் தம்பி. "3 செகண்டுக்குள்ள வரலைன்னா போன்ல பாக்கறவங்கள்ல பாதிக்கு மேல ஓடிடறாங்கன்னு கூகுள் 2016லயே சொல்லிருக்கு."

"3 செகண்டு நிக்க முடியாதவன் கிரைண்டர் வாங்கி என்ன தம்பி பண்ணப்போறான்? அரிசி அரைபடவே அரை மணி நேரம் ஆகுமே!"

இதற்குத் தம்பியிடம் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை.

விலையைப் பற்றிக் கேட்டது மருமகள். எம்.காம். படித்த பெண். எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போது போனைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "ஏனுங் மாமா, விலை எங்கீங் மாமா போட்டிருக்குது?"

"வெலை போட்டா பின் சந்துக்காரன் பாத்துருவான் கண்ணு."

"அவருக்குத்தான் நம்ம டீலர் சொல்லிருவாரே மாமா. வாங்கறவங்களுக்குத்தானுங்க தெரியாது."

முதலாளி சிரித்தார். சின்னப் பிள்ளை, வியாபாரம் தெரியாது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

இனி இத்தனை ஏற்பாடும் யாருக்காகவோ அவர் வருகிறார். ஆரணியில் ஒரு அம்மா. இதே கம்பெனி கிரைண்டரைத்தான் பல வருஷமாக வைத்திருக்கிறார். அன்றைக்கென்று பெல்ட் அறுந்துவிட்டது. உளுந்து ஊறிக் கிடக்கிறது, மறுநாள் வீட்டில் விசேஷம். அவருக்கு வேண்டியது இரண்டே தகவல்: பெல்ட் நம்பர் என்ன, ஆரணியில் எங்கே கிடைக்கும். போனில் தளத்தைத் திறக்கிறார். முதலில் 'பாதுகாப்பற்றது' என்கிறது குரோம். https என்ற பூட்டில்லாத தளங்களையெல்லாம் அது 2018இலிருந்து அப்படித்தான் சொல்கிறது. இதைத் தம்பி முன்பே சொன்னபோது, "நம்ம கேட்டுல வாட்ச்மேன் இருக்கறாரே" என்று பதில் வந்திருந்தது. அம்மா துணிந்து உள்ளே போகிறார். ஸ்லைடரில் இருக்கிற ஐவரும் ஆளுக்கு 4 விநாடி வந்து வணக்கம் வைக்கிறார்கள். செய்திமடலில் சேருங்கள் என்று ஒரு பெட்டி வந்து திரையை மறைக்கிறது. மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு, விரல் பட்டால் பக்கத்திலிருக்கும் முகநூல் திறக்கிறது. திரும்பி வந்து 'சர்வீஸ்' என்பதைத் தொட்டால் சிசரோ. கீழே போன் நம்பர் தெரிகிறது, தொட்டால் போகவில்லை, ஏனென்றால் நம்பர் படத்துக்குள் இருக்கிறது. மனப்பாடம் செய்து அடித்தால் அது ஆபீசில் எப்போதோ எடுத்துவிட்ட தரைவழிப் போன். கடைசியாகத் தொடர்புப் படிவம். பெயர், கம்பெனி பெயர், பதவி, ஆண்டு விற்றுமுதல். பதவி என்ற இடத்தில் யோசித்து 'மாமியார்' என்று போட்டார். நான் எந்திரம் அல்ல என்று நிரூபிக்க, டிராஃபிக் சிக்னல் உள்ள படங்களைப் பொறுக்கச் சொன்னது. பொறுக்கினார். நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம் என்று வந்தது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பெட்டியைத் தம்பி உண்டாக்கிய நாளிலிருந்து யாரும் திறந்ததில்லை.

பின் சந்துக்காரரின் தளம் எப்படி இருக்கும் என்று சொல்லாவிட்டால் நியாயமில்லை. பார்க்க ஒன்றுமே இருக்காது. வெள்ளைத் தாளில் எழுதின மாதிரி மாடல், லிட்டர், விலை, பெல்ட் நம்பர், ஊர்வாரியாகச் சர்வீஸ் செய்பவர், தொட்டால் திறக்கும் வாட்ஸ்அப். அவர் மகள் வேர்ட்பிரஸ்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தது. அம்மாவுக்கு அங்கே பெல்ட் கிடைத்தது. இரண்டு கம்பெனிக்கும் ஒரே பெல்ட்தானாம்.

வருஷம் ஒன்று ஓடிற்று. தம்பி பெங்களூருக்குப் போய்விட்டான். முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவன் பெயருக்கே போயின, அவன் பார்க்கவில்லை. ஒரு காலையில் தளத்தைத் திறந்தால் அப்பாவும் இல்லை, குலதெய்வமும் இல்லை. 'இந்த முகவரி விற்பனைக்கு' என்றிருந்தது. முதலாளி போனைப் போட்டார்.

"வாங்கியாச்சு, பணம் குடுத்தாச்சு. அப்புறம் என்ன தம்பி வருஷா வருஷம் கட்டறது?"

"வீட்டு வரி மாதிரிங்க சார்."

"வரி கட்டலைன்னு எவனாவது வீட்டையே தூக்கிட்டுப் போறானா?"

எப்படியோ அபராதம் கட்டி மீட்டார்கள். மீட்ட கையோடு புதிதாக ஒரு குறை முளைத்தது. கூகுளில் கம்பெனிப் பெயரை, அந்த மூன்று எழுத்தும் பிசகாமல் அடித்தால், தளம் முதலில் வருகிறது. 'கோயம்புத்தூர் கிரைண்டர்' என்று அடித்தால் பின் சந்துக்காரர் வருகிறார். தம்பி அங்கிருந்தபடியே விளக்கினான்: ஜனங்கள் தேடுகிற வார்த்தை நம் பக்கத்தில் இருக்கவேண்டும், போனில் சட்டென்று திறக்கவேண்டும், கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்கவேண்டும். முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க தம்பி. கூகுள்ல பெரியவரு சுந்தர் பிச்சை நம்ம மதுரைல பொறந்தவருதானுங்களே? அவங்க சொந்தக்காரங்க யாராச்சும் அங்க இருக்காங்களான்னு மட்டும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க. ஒரு டில்டிங் கிரைண்டரோட நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தர்றேன்."